தடிமனான கணக்குப் புத்தகத்தை என்ன செய்வது?

சுவா சூ காங்கில் நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் தம்பி தங்கச்சிகள் தொடக்கக் கல்லூரியில் சேர்ந்ததும் கேட்பது: "அண்ணா, ஐஐடி புத்தகம் வாங்கலாமா?" கேட்பதற்குள் ஊரிலிருந்து வரும் மாமா ஒன்றை வாங்கிவந்திருப்பார். செங்கல் கனம்.

முதலில் எந்தத் தேர்வு என்று பாருங்கள். ஏ லெவல் எழுதியவர்களை இங்கே பொறியியலுக்கு அந்த முடிவுகளை வைத்துத்தான் எடுக்கிறார்கள். எச்2 கணிதத்தில் இரண்டு தாள், தலா 3 மணி நேரம், வரைபடக் கால்குலேட்டர் உண்டு. ஜேஇஇ அட்வான்ஸ்டில் ஒரே நாளில் இரண்டு தாள். இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வரும், கால்குலேட்டர் கிடையாது. கேம்பிரிட்ஜ், இம்பீரியல் பொறியியலுக்கான ஈசாட் தேர்விலும் கிடையாது. ஏ லெவல் மட்டும்தான் என்றால் டுடோரியலும் டென் இயர் சீரிஸும் முடியும்வரை செங்கல் அலமாரியிலேயே இருக்கட்டும்.

பிறகு எப்படிப் படிப்பது? கும்பகோணத்தில் 1903-ல் பள்ளி மாணவர் ராமானுஜன் கையில் கிடைத்த கார் என்பவரின் புத்தகமும் தேர்வுப் புத்தகம்தான். கார், கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்படுத்திய ஆசிரியர். ஏறக்குறைய 5000 முடிவுகள், நிரூபணம் பெயருக்குத்தான். மற்றவர்களுக்கு அது குறை. இவரோ விட்டுப்போனதையெல்லாம் தானே போட்டுப் பார்த்தார். (கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்ததும் அவர்தான். பொதுத்தாளைத் தள்ளிப்போடும் தம்பிகள் கவனிக்க.)

நம் புத்தகங்களில் தலைகீழ். தீர்வு பக்கத்திலேயே இருக்கும், கண் தானாகப் போய்விடும். அதனால் தீர்வை ஒரு தாளால் மூடுங்கள். ஒரு கணக்குக்கு அரை மணி நேரம். வரலைன்னா தீர்வின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப மூடுங்க. வாரத்துக்கு நாலு கணக்கு போதும்.

ஓர் உதாரணம்: சைன் எக்ஸ் = எக்ஸ்/10, ரேடியனில். எத்தனை தீர்வு? கால்குலேட்டர் படம் போட்டுக் காட்டிவிடும், ஏன் என்று காட்டாது. கையால் பார்ப்போம். சைன் 1-ஐத் தாண்டாது. ஆகவே எக்ஸ் −10-க்கும் 10-க்கும் நடுவில்தான். 0-விலிருந்து 3.14 வரை அலையின் முதல் மேடு. 0-வை விட்டால், கோடு அதை ஒருமுறை வெட்டும். அடுத்தது பள்ளம்: அங்கே சைன் எதிர்மம், கோடு நேர்மம், சந்திக்காது. 6.28-லிருந்து 9.42 வரை இரண்டாவது மேடு. அதன் உச்சி 7.85-ல், அங்கே கோடு 0.785 உயரத்தில்தான், அலை 1. ஆகவே ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. மூன்றாவது மேடு தொடங்குவதே 12.57-ல், எல்லைக்கு வெளியே. நேர்மப் பக்கம் 3, சமச்சீரால் எதிர்மப் பக்கம் 3, நடுவில் 0. மொத்தம் 7.

விடை வந்ததும் பக்கத்தைத் திருப்பாதீங்க. எண்ணை மாத்திப் பாருங்க, கணக்கு அங்கேதான் பிடிபடும். 10-க்குப் பதில் 20 என்றால்? விடை 11. உங்களுக்கு 13 வந்தால் நாலாவது மேட்டை மறுபடி பாருங்கள்: அது 20-க்கு முன்பே தொடங்குகிறது, ஆனால் எக்ஸ் 20-ஐத் தொடும்போது கோடு 1, அலை 0.91-லேயே நிற்கிறது.