பழி சுமந்த புனல்வலைச் சிலந்தி

சிலந்தி வலை என்றதும் வண்டிச் சக்கரம் மாதிரி வட்டமான வலைதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் எல்லா எட்டுக்கால் பூச்சியும் அப்படிக் கட்டுவதில்லை. அஜெலெனிடே குடும்பத்துச் சிலந்திகள் பாய் விரித்தாற்போல் வலை பின்னி, ஓரத்தில் புனல் போன்ற குழாய் ஒன்றை அமைக்கின்றன. இழையில் பசை கிடையாது. பூச்சி விழுந்ததும் பாய் அதிரும். குழாய்க்குள் காத்திருக்கும் சிலந்தி ஒரே ஓட்டமாக வந்து கடித்துவிடும். பசை இல்லாத குறையை வேகம் ஈடுகட்டுகிறது.

பேரினமும் சிற்றினங்களும்

இக்குடும்பத்தில் எரடிஜெனா ஒரு பேரினம். டெஜெனேரியா பேரினத்தில் இருந்த சில சிற்றினங்களை 2013-ல் தனியே பிரித்தார்கள். பழைய பெயரின் எழுத்துகளையே இடம் மாற்றிப் புதுப்பெயராக்கினார்கள்! ஐரோப்பிய வீடுகளில் காணப்படும் அட்ரிகா, டுவெல்லிகா, சேவா மூன்றும் ஒன்றே என 2013-ல் முடிவானது. 2018-ல் மீண்டும் மூன்றாகப் பிரிந்தன. நான்காவதாக, அக்ரெஸ்டிஸ். லத்தீனில் இதற்கு 'வயல்வெளியைச் சேர்ந்தது' என்று பொருள்.

பழி வந்த விதம்

ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவின் வடமேற்குப் பகுதிக்குக் குடியேறிய அக்ரெஸ்டிஸுக்கு அங்கே 'ஹோபோ சிலந்தி' என்று பெயர். அக்ரெஸ்டிஸ் என்பதை 'அக்ரெஸிவ்' என்று தப்பாகப் புரிந்துகொண்டவர்களும் உண்டு. 1980-களில், முயல்களிடம் செய்த சோதனையை வைத்து, சதை அழுகும் புண்களுக்கு இதன் கடியே காரணம் என்றார்கள். 1996-ல் அரசு நோய்த்தடுப்பு மையத்தின் அறிக்கையிலும் அது இடம்பெற்றது.

ஆனால் ஐரோப்பாவில் இதே சிலந்திக்கு அந்தக் கெட்ட பெயரே இல்லையே? 2001-ல் வெளியான ஆய்வு இரு கண்டத்து விஷத்தையும் ஒப்பிட்டது. பெரிய வித்தியாசம் இல்லை. முயல்களின் தோலும் அழுகவில்லை. 2014-ல் வெளியான ஓரிகன் மாநில ஆய்வில், கடித்த சிலந்தியைப் பிடித்து உறுதி செய்த 33 கடிகளில் ஒன்றுதான் ஹோபோவுடையது. வலி, சிவப்பு, காலில் தசைத் துடிப்பு. 12 மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது.

சிலந்தி மேல் பழி விழுந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். பாக்டீரியாத் தொற்றால் வரும் புண்ணைச் 'சிலந்திக்கடி' என்று முடிவு கட்டினால், உரிய மருந்து தாமதமாகும். நஷ்டம் நோயாளிக்குத்தான்.

ஃபியூஸ் போனால் எடுத்த எடுப்பில் மோட்டாரைக் குறை சொல்ல மாட்டோம். மீட்டர் வைத்துப் பார்ப்போம். அந்தப் பழக்கம் லேபோடு நின்றுவிடக் கூடாது நண்பர்களே!