சாய்ந்த கைமரம்: கணினியில் வரைவோமா?



நம்ம சின்னசேலம் பக்கத்தில் ஓட்டு வீடுகளை எல்லாரும் பார்த்திருப்பீங்க. எங்கள் வீடும் ஓட்டு வீடுதான். மழைத் தண்ணீர் தேங்காமல் வழிந்து ஓடத்தான் கூரையைச் சரிவாகப் போடுகிறார்கள். உச்சியில் நீளமாகக் கிடக்கும் மரம் மோட்டுவளை. அதிலிருந்து சுவருக்குச் சரிந்து இறங்குவது கைமரம். கைமரத்தின் மேல் குறுக்கே ரீப்பர் அடித்து, அதன்மேல் ஓடு அடுக்குவார்கள்.

போன மழையில் எங்கள் வீட்டுக் கைமரம் ஒன்று இத்துப் போச்சு. மரவள்ளி விற்ற காசில் புது மரம் வாங்க அப்பா பணம் எடுத்து வைத்தார். "எத்தனை அடி வாங்கணும்?" என்று பேச்சு வந்தது. "நான் கணினியில் வரைந்து சொல்றேன்" என்றேன்.

எங்கள் கணினி ஆசிரியர் 'ஸ்வீட் ஹோம் 3டி' என்ற மென்பொருளைக் காட்டித் தந்திருந்தார். இது இலவசம். பிரான்சைச் சேர்ந்த எம்மானுவேல் புய்பாரே என்பவர் உருவாக்கியது. 2006இல் வெளிவந்தது. திரையின் மேல் பாதியில் வரைபடம் இருக்கும். கீழ்ப் பாதியில் வீடு நிஜம் போலவே தெரியும்.

வரையும் முறை:

1. அளவை அடி, அங்குலம் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

2. எங்கள் வீட்டின் அகலம் 16 அடி. முன்சுவரும் பின்சுவரும் 8 அடி உயரம். மோட்டுவளை 14 அடி உயரத்தில் இருக்கிறது. அதனால் பக்கச் சுவரை நடுவில் பிரித்து இரண்டு துண்டாக வரையணும். ஒவ்வொரு துண்டுக்கும் தொடக்க உயரம் 8, முடிவு உயரம் 14 என்று கொடுத்தால் சுவர் சாய்வாக ஏறும்.

3. கைமரத்துக்கு ஒரு பெட்டியை எடுத்து, அதன் நீளம், கனம், சாய்வுக் கோணம் கொடுக்கணும்.

இங்கேதான் நான் தப்பு செய்தேன். வரைபடத்தில் சுவரிலிருந்து நடுக்கோடு வரை 8 அடி. அதனால் மரமும் 8 அடி என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்! அப்பா மறுநாள் மரக்கடைக்குப் போவதாக இருந்தார். ஆனால் பள்ளியில் அந்தப் பெட்டியைச் சாய்த்தபோது, வரைபடத்தில் அதன் நீளம் 8இலிருந்து சுமார் 6.4 அடியாகக் குறைந்தது. கீழே பார்த்தால் மரம் மோட்டுவளையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது! எனக்குப் பகீர் என்றது.

காரணம் இதுதான். மேலிருந்து பார்க்கும்போது சாய்ந்த பொருள் குட்டையாகத் தெரியும். உண்மை நீளம் வேண்டுமென்றால் பிதாகரஸ் தேற்றம் போடணும்.

கீழ்ப்பக்கம் 8 அடி, ஏற்றம் 14 − 8 = 6 அடி.
8 × 8 + 6 × 6 = 64 + 36 = 100
100இன் வர்க்கமூலம் 10. கைமரம் 10 அடி!

கோணத்துக்கு 6 ÷ 8 = 0.75. டேன்ஜென்ட் அட்டவணையில் பார்த்தால் சுமார் 37 டிகிரி. இந்த இரண்டையும் கொடுத்ததும் மரம் மோட்டுவளையில் சரியாகப் போய் உட்கார்ந்தது.

சாயங்காலம் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். ஆசாரி தாத்தாவும் அங்கே இருந்தார். அவர் ஏணியில் ஏறி, மோட்டுவளையிலிருந்து சுவர் வரை கயிறு பிடித்து அளந்தார். அதே 10 அடி! "சுவரைத் தாண்டி இறவாரத்துக்கு ஒண்ணரை அடி விடணும் பாப்பா. பன்னெண்டு அடி மரமா வாங்கிக்கலாம். வெட்டின மரம் வளராது" என்றார். இறவாரத்தை நான் மறந்தே போயிருந்தேன். கணினி நாம் கொடுத்ததைத்தான் காட்டும். கொடுக்காததை அது கேட்காது.

உங்களுக்குத் தெரியுமா? நாம் சீமை ஓடு என்கிறோமே, அந்த மங்களூர் ஓட்டை 1865இல் பாசல் மிஷனார் மங்களூரில் தொழிற்சாலை வைத்துச் செய்யத் தொடங்கினார்கள்.

செய்து பாருங்கள்: ஒரு வீட்டின் அகலம் 24 அடி. சுவரை விட மோட்டுவளை 5 அடி உயரம். இறவாரம் இல்லாமல் கைமரம் எத்தனை அடி? விடை அடுத்த இதழில்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி,
அரசு உயர்நிலைப் பள்ளி