பையன்களோடு இத்தாலி: எதை இறுக்கிப் பிடிப்பது, எதை விட்டுப் பிடிப்பது

பத்து வயதுக்குள் இரண்டு பையன்கள் இருக்கும் குடும்பம் இத்தாலிக்குக் கிளம்பினால், பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. எதை ஊரிலிருந்தே முடிவு செய்வது, எதை அன்றைய காலைக்கு விட்டுவைப்பது? விமானம், தங்குமிடம், நேரம் குறித்துத் தரும் நுழைவுச்சீட்டுகளில் இரண்டு மூன்று ஆகியவற்றை முன்பே உறுதி செய்துவிடுங்கள். மீதியைப் பையன்களின் கால்வலியும் பசியும் வெயிலும் தீர்மானிக்கட்டும். அப்படி விட்டுப் பிடிப்பதற்கு இத்தாலி மிகத் தோதான நாடு.

செய்ய வேண்டியவை

• ஊர்களைக் குறையுங்கள். இரண்டு வாரப் பயணத்துக்கு வெனிஸ், ஃபுளோரன்ஸ், ரோம் என்று மூன்று இடங்களில் தங்கினால் போதும். ஓட்டல் மாறும் ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, புது ஊரில் வழி தேடுவதிலேயே அரை நாள் போய்விடும். வெனிஸிலோ மிலானிலோ இறங்கி, ரோமில் விமானம் ஏறும்படி டிக்கெட் எடுங்கள். வந்த வழியே திரும்பும் அலைச்சல் மிச்சம். ஃபுளோரன்ஸில் தங்கிக்கொண்டே ஒரு மணி நேர ரயிலில் பீசா போய்வரலாம், இன்னும் சற்று நேரம் பிடித்தால் லூக்கா.

• ரயில்களில் இருக்கும் வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஃப்ரெச்சாரோஸா, இத்தாலோ போன்ற அதிவேக ரயில்களில் இருக்கை எண் உண்டு. நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். ரோமுக்கும் ஃபுளோரன்ஸுக்கும் இடையே ஒன்றரை மணி நேரத்தில் கொண்டு சேர்க்கும் இவற்றை முன்கூட்டியே வாங்குவதுதான் லாபம். வட்டார ரயில்கள் அப்படியல்ல. என்று வாங்கினாலும் ஒரே கட்டணம், இருக்கை எண் கிடையாது, டிக்கெட் தீர்ந்துபோவதும் இல்லை. அதனால் பக்கத்து ஊர்ப் பயணங்களையெல்லாம் இவற்றிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சின்னவனுக்கு உடம்பு சுடுகிறதா? டிக்கெட் வாங்காமல் பயணத்தை நாளைக்குத் தள்ளலாம், காசு நஷ்டமில்லை. காகித டிக்கெட்டாக இருந்தால், ஏறுவதற்கு முன் நிலையத்தில் உள்ள சிறிய இயந்திரத்தில் செருகி முத்திரை பதித்துக்கொள்ள மறக்க வேண்டாம். முத்திரை இல்லாவிட்டால் அபராதம்.

• பிள்ளைகளுக்கு இலவசம் என்றாலும் சீட்டு எடுங்கள். இத்தாலிய அரசின் அருங்காட்சியகங்களிலும் தொல்லியல் தளங்களிலும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, எந்த நாட்டவராக இருந்தாலும், கட்டணம் இல்லை. ஆனால் கொலோசியத்தில் அவர்கள் பெயரிலும் நேரம் குறித்த சீட்டு வேண்டும்; பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். வத்திக்கான் தனி நாடு, அதன் விதிகளும் தனி. மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் வத்திக்கான் அருங்காட்சியகம் திறப்பதில்லை. ஃபுளோரன்ஸின் உஃபீசி ஓவியக் கூடத்துக்குத் திங்கள் விடுமுறை.

• இடிபாடுகளில் நேப்பிள்ஸ் பக்கத்தில் உள்ள பொம்பெய்க்கு முதலிடம் கொடுங்கள். ரோமின் ஃபோரம் ஏழு வயதுப் பையன் கண்ணுக்கு உடைந்த தூண்களாகத்தான் தெரியும். பொம்பெய் முழுசாக ஒரு தெரு, ஒரு ஊர். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பல் மூடிய அந்தத் தெருக்களின் குறுக்கே, கழிவுநீரில் கால் படாமல் கடக்க உயரமான கற்களைப் போட்டிருக்கிறார்கள். இரண்டு கற்களுக்கு நடுவே வண்டிச் சக்கரம் போக இடைவெளி. தரையில் சக்கரம் தேய்த்த பள்ளம், விரலை வைத்துப் பார்க்கலாம். வண்டி எப்படிப் போயிருக்கும் என்று நீங்கள் விளக்காதீர்கள், பையன்களையே கண்டுபிடிக்க விடுங்கள். பிறகு ரொட்டிக்கடைக்குக் கூட்டிப் போய் எரிமலைக் கல்லில் செய்த மாவரைக்கும் திரிகைகளையும் அடுப்பையும் காட்டுங்கள். ஒரு வீட்டு வாசலில் சங்கிலி கட்டிய நாய் பல்லைக் காட்டி நிற்கிறது, அத்தனையும் பொடிக்கற்கள் பதித்த ஓவியம். அதன் முன்னால் நின்றுவிடும் பையனை இழுக்காதீர்கள். அங்கே நிழல் குறைவு, காலையிலேயே போய்விடுங்கள். அவ்வளவு நடக்க முடியாத பிள்ளைகள் என்றால் பக்கத்திலுள்ள ஹெர்குலேனியம் சிறியது. மாடி வீடுகளும் கருகிய மர உத்தரங்களும் அங்கே இன்னும் நிற்கின்றன. நேப்பிள்ஸ் வரை போகவே முடியாது என்றால் ரோமுக்கு அருகில் ஓஸ்தியா அந்தீக்கா இருக்கிறது. அது பழைய துறைமுக நகரம், பிள்ளைகள் ஓடியாட இடமும் தாராளம்.

• அவர்களுக்கென்றே சில இடங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மிலானின் லியொனார்தோ அறிவியல் அருங்காட்சியகத்தில் என்ரிக்கோ தோத்தி என்ற நிஜ நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. லூக்காவின் கோட்டை மதிலுக்கு மேலேயே நாலு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகச் சைக்கிள் ஓட்டலாம், கார்த் தொல்லை இல்லை. ஃபுளோரன்ஸின் கலிலியோ அருங்காட்சியகத்தில் அவருடைய தொலைநோக்கிகளோடு அவர் விரலையும் கண்ணாடிக் கூட்டில் வைத்திருக்கிறார்கள். ஓவியக் கூடங்களில் சலித்துப்போன பையன்கள் அந்த விரலைப் பற்றி ஊர் திரும்பிய பின்னும் பேசுவார்கள்.

• ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுங்கள். ரோம் தெருக்களில் வளைந்த மூக்குக் குழாயோடு இரும்புத் தூண்கள் இரவும் பகலும் நல்ல குடிநீர் தருகின்றன. குழாய் வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் வளைந்து பீய்ச்சும், அப்படியே வாயில் பிடிக்கலாம். ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் போதும், அடுத்த தூண் எங்கே என்று தேடிக்கொண்டே நடப்பார்கள்.

• சமையலறை உள்ள வீட்டை வாடகைக்குப் பாருங்கள். உணவகங்கள் பெரும்பாலும் இரவு ஏழரைக்குத்தான் திறக்கும். பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கே பசிக்கும். இனிப்பில்லாத தயிரும் அரிசியும் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். வெளியே என்றால், எடை போட்டு வெட்டித் தரும் துண்டு பீட்ஸா கைகொடுக்கும். சுத்த சைவக் குடும்பங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பார்மிஜானோ சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது. சீஸ் தூவாத தக்காளி பாஸ்தாவைக் கேட்டு வாங்குங்கள்.

• விசாவுக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி விண்ணப்பம் போடுங்கள். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை, 12-க்கு உட்பட்டவர்களுக்குக் கைரேகை இல்லை. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விசா கிடைக்காமலும் போகலாம், அதனால் ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைகளாகவே பதிவு செய்யுங்கள்.

செய்யக்கூடாதவை

• பீசா கோபுரத்தில் ஏற்றிவிடுவதாகச் சின்னவனுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். எட்டு வயது நிரம்பாத பிள்ளைகளை ஏற விடுவதில்லை. வாசலில் வைத்து அழ விடுவது பாவம்.

• நேரம் குறித்த சீட்டு ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். காலையில் ஒன்று, பிறகு சாப்பாடு, ஓய்வு. மாலைக்கு ஐஸ்கிரீமும் ஒரு சதுக்கமும் போதும். விட்டுப்போன இடத்தை நினைத்து வருந்துவதில் பலனில்லை.

• நகரங்களுக்குள் கார் ஓட்டாதீர்கள். பழைய நகர்ப்பகுதிகளில் வெளியாட்களின் வண்டி நுழையத் தடை உண்டு. கேமரா படம் பிடிக்கும், அபராதச் சீட்டு மாதக்கணக்கில் கழித்து வீடு தேடி வரும். தஸ்கனிக் கிராமங்களுக்கு மட்டும் கார் எடுப்பதானால், நம் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். 150 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம்.

• வெனிஸுக்குத் தள்ளுவண்டி கொண்டுபோகாதீர்கள். பாலத்துக்குப் பாலம் படிக்கட்டு. நடக்க முடியாத நேரத்தில் முதலாம் எண் படகில் ஏறிப் பெருங்கால்வாய் முழுவதையும் பார்த்துவிடலாம். கொண்டோலா கட்டணம் பெரிது. கால்வாயின் குறுக்கே ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் த்ரகெத்தோவும் கொண்டோலாதான், சில யூரோக்களில் ஆசை தீரும். சான் மார்க்கோ சதுக்கத்தில் புறாவுக்குத் தீனி போடத் தடை.

• ரோமின் நீரூற்றுகளில் கால் நனைக்க விடாதீர்கள், ஸ்பானியப் படிக்கட்டில் உட்காரவும் விடாதீர்கள். இரண்டுக்கும் அபராதம். அங்கே போய்க் கத்துவதை விட முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது.

• எல்லாரும் எப்போதும் சேர்ந்தே சுற்ற வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்துக்கு 463 படி, லிஃப்ட் கிடையாது. பெரியவன் அப்பாவோடு ஏறட்டும். பக்கத்திலேயே ரெபுப்ளிக்கா சதுக்கத்தில் பழைய குதிரை ராட்டினம் சுற்றுகிறது, சின்னவன் அம்மாவோடு அங்கே போகட்டும். அண்ணன் தம்பி சண்டைக்கும் ஒரு மணி நேரம் ஓய்வு கிடைக்கும்.

• நம் கோடை விடுமுறை இத்தாலியின் இதமான பருவத்தில் வருகிறது என்பதற்காகத் தேதி பார்க்காமல் போகாதீர்கள். ஈஸ்டர், ஏப்ரல் 25, மே 1 நாட்களில் உள்ளூர்க் கூட்டமே நிரம்பும். ஆகஸ்டைத் தவிர்க்கவே சொல்வேன். வெயில் கடுமை, 15-ஆம் தேதியை ஒட்டிக் குடும்பக் கடைகள் பலவும் மூடிக்கிடக்கும்.

• விமானம் ஏறும் நாளன்று காலையில் வேறு ஊரிலிருந்து ரயிலில் வரலாம் என்று திட்டமிடாதீர்கள். ரயில் வேலைநிறுத்தங்கள் அடிக்கடி நடக்கும். முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையிலும் மாலை 6 முதல் 9 வரையிலும் அத்தியாவசிய வட்டார ரயில்கள் ஓடும். ஆனாலும் பெட்டிகளோடும் தூக்கம் கலைந்த பிள்ளைகளோடும் அந்தக் கணக்கைப் போட வேண்டாம். கடைசி இரவு ரோமிலேயே தங்கிவிடுங்கள்.