இரு பெயர்கள், ஓர் எழுத்தாளர்

துப்பறியும் கதைகள் என்றதும் ஷெர்லாக் ஹோம்ஸ் நம் நினைவுக்கு வருவார். அகதா கிறிஸ்டியின் பெயரும் பலருக்குத் தெரியும். ஆனால், அகதா கிறிஸ்டி புகழுடன் விளங்கிய காலத்திலேயே, மூன்றே ஆண்டுகளில் ஆறு துப்பறியும் நாவல்களை வெளியிட்ட இளைஞர் ஒருவர் இருந்தார். அவர்தாம் கிறிஸ்டோபர் செயின்ட் ஜான் ஸ்பிரிக்.

இவர் 1907ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். பதினைந்து வயதிலேயே பள்ளிப் படிப்பை விட்டு, செய்தித்தாள் ஒன்றில் நிருபராகச் சேர்ந்தார். பின்னர், தம் அண்ணனுடன் சேர்ந்து விமானத்துறை சார்ந்த பதிப்பகத்தில் பணியாற்றினார். பள்ளியை விட்டாலும் படிப்பை விடவில்லை. இயற்பியல், தத்துவம், கவிதை எனப் பல துறை நூல்களையும் தாமே தேடிப் படித்தார்.

இவருடைய முதல் துப்பறியும் நாவல் 1933ஆம் ஆண்டில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த ‘டெத் ஆஃப் அன் ஏர்மேன்’ என்னும் நாவலில், விமானம் ஓட்டக் கற்க வந்த ஒரு பேராயர், விபத்தில் இறந்தவரின் உடலில் ஏதோ பொருந்தாததைக் கவனிக்கிறார். விபத்தா, கொலையா என்ற கேள்வி அங்கே எழுகிறது. ஸ்பிரிக்கின் விமானத்துறை அறிவு இக்கதைக்கு உயிரூட்டியது. புகழ்பெற்ற எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் இந்நாவலைப் பாராட்டினார்.

துப்பறியும் நாவல்கள் இவருக்கு வருமானம் தந்தன. எனினும், இவர் மனம் மேலும் ஆழமாக எழுத விரும்பியது. அத்தகைய படைப்புகளுக்காகத் தம் தாயாரின் குடும்பப் பெயரை ஏற்று, ‘கிறிஸ்டோபர் கோட்வெல்’ என்னும் புனைபெயரைச் சூடிக்கொண்டார். கிழக்கு இலண்டனில் தொழிலாளர்கள் மிகுந்த பாப்லர் பகுதிக்குக் குடிபெயர்ந்து, பொதுவுடைமைக் கட்சியிலும் சேர்ந்தார்.

1936ஆம் ஆண்டில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. அநீதியை எழுத்தால் மட்டும் எதிர்த்தால் போதாது என்று கருதிய ஸ்பிரிக், அவ்வாண்டு டிசம்பரில் மருத்துவ வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு பிரான்ஸ் வழியாக ஸ்பெயினுக்குச் சென்றார். அங்குப் பன்னாட்டுப் படையில் சேர்ந்தார். 1937ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள், ஹராமாப் போர்க்களத்தில் தோழர்கள் பின்வாங்குவதற்குத் துணையாக இயந்திரத் துப்பாக்கியை இயக்கியபோது உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 29.

கவிதையின் தோற்றத்தை ஆராயும் அவருடைய ‘இல்யூஷன் அண்ட் ரியாலிட்டி’ என்னும் நூல் அவ்வாண்டில்தான் வெளிவந்தது. கோட்வெல் என்னும் பெயரை அறிஞர் உலகில் நிலைக்கச் செய்த அந்நூல் அச்சாகி வந்ததைக் காண அவர் இல்லை. அவருடைய ஏழாவது துப்பறியும் நாவலும் அவர் மறைந்த பிறகே வெளிவந்தது.

பிழைப்புக்காக எழுதிய கதைகள் காலப்போக்கில் மறைந்துவிடும் என்று பலர் எண்ணக்கூடும். ஆனால், ‘டெத் ஆஃப் அன் ஏர்மேன்’ நாவலைப் பிரிட்டிஷ் நூலகம் 2015ஆம் ஆண்டில் மறுபதிப்புச் செய்தது. எந்தப் பணியையும் அக்கறையுடன் செய்தால் அது செய்தவரைக் கடந்தும் வாழும் என்பதற்கு ஸ்பிரிக்கின் வாழ்க்கை சான்றாகும்.