நெற்றி ஏறுதா, தம்பி?



காய்ச்சல், வயிற்றோட்டம் என்றால் நம் ஆண்கள் டிஸ்பென்சரிக்கு வந்துவிடுவார்கள். தலையில் முடி குறைந்தால் மட்டும் யாரும் வருவதில்லை. தொப்பியைப் போட்டுக்கொள்வார்கள். கேட்டால், "குளிருக்குத்தாங்க" என்பார்கள். ஆனால் காசு இரகசியமாகப் போய்க்கொண்டே இருக்கும். சம்பளத்தன்று டவுனில் ஒரு எண்ணெய்ப் போத்தல். அது சரிவரவில்லை என்று போனில் விளம்பரம் பார்த்து வரவழைத்த இன்னொரு போத்தல். வீட்டில் பெண் பார்க்கும் பேச்சு எழுந்துவிட்டால் செலவு இரட்டிப்பாகும்.

ஆண்களுக்கு முடி கொட்டுவதில் எல்லாம் ஒரே வகை இல்லை. ஒரு வகை தானாகவே சரியாகும். ஒரு வகை நோயின் அடையாளம். இன்னொரு வகை பரம்பரையாக வருவது, அதுதான் மிக அதிகம். எந்த வகை என்று தெரியாமல் போத்தல் வாங்குவது, எந்தப் பூச்சி என்று பார்க்காமல் மலைக்கு மருந்து அடிப்பது மாதிரிதான்.

சீப்பில் வரும் முடி

நம் தலையில் சுமார் ஒரு இலட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு வருடம் வரை வளரும். பிறகு மூன்று மாதம் அளவில் ஓய்வு. அதன்பின் விழுந்து, அதே வேரில் புது முடி கிளம்பும். தோட்டம் முழுவதையும் ஒரே நாளில் கவ்வாத்து வெட்டுவோமா? நம்பர் நம்பராகத்தானே வெட்டுகிறோம். அதுபோல முடியும் முறை வைத்துத்தான் விழும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது வழமை. இரண்டு நாள் தலை சீவாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் சீவினால், மூன்று நாள் கணக்கும் சேர்ந்து வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இன்னொரு பயமும் உண்டு. விழுந்த முடியின் அடியில் வெள்ளையாகக் குண்டூசித் தலை அளவுக்கு ஒன்று இருக்கும். "ஐயோ, வேரோட வந்திருச்சு" என்பார்கள். அது வேர் இல்லை. ஓய்வெடுத்து முடிந்த முடியின் அடிநுனி. வேர் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது.

ஆகவே, எத்தனை முடி விழுகிறது என்பதை வைத்துப் பரம்பரை வழுக்கையைக் கண்டுபிடிக்க முடியாது. சீப்பில் அதிகம் வராமலேயே தலை வெளுத்துப்போன ஆட்கள் இருக்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு: முடி எந்த இடத்தில் குறைகிறது, மீதி முடி மெலிகிறதா.

முதல் அடையாளம் எங்கே தெரியும்

பரம்பரை வழுக்கை இரண்டு இடத்தில்தான் தொடங்கும். ஒன்று, நெற்றியின் இரு பக்கக் கோடி. மற்றது, உச்சந்தலைச் சுழி. பின்தலையிலும் காதுக்கு மேலும் உள்ள முடி கடைசி வரை நிற்கும். நம் பெரியப்பா, தாத்தாமாரின் தலையை நினைத்துப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும். இந்த வரிசையை அமெரிக்க டாக்டர் ஹமில்டன் 1951இல் படிப்படியாக வகுத்துக் காட்டினார். நோர்வூட் என்ற டாக்டர் 1975இல் அதைத் திருத்தி ஏழு படிகளாக வைத்தார். இன்றும் டொக்டர்மார் அந்தக் கணக்கில்தான் பேசுகிறார்கள்.

நெற்றிக் கோடி கொஞ்சம் ஏறினால் எல்லாம் வழுக்கை இல்லை. பதினேழு, பதினெட்டு வயதிலிருந்து இருபதுகளுக்குள் பெரும்பாலான ஆண்களுக்குப் பிள்ளைப் பருவத்து நெற்றி மாறி, பெரிய ஆளின் நெற்றி வரும். புருவத்தை உயர்த்திப் பாருங்கள், நெற்றியில் சுருக்கம் விழும். மேல் சுருக்கத்துக்கு ஒரு விரலகலம் மேலே முடி தொடங்கி, அங்கேயே நின்றுவிட்டால் அது வயதின் மாற்றம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால்தான் கவனிக்க வேண்டும்.

மெலிவதைப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. சலூனில் முடி வெட்டும்போது பின்தலையில் வெட்டிய சில முடியையும் உச்சியில் வெட்டிய சில முடியையும் ஒரு வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உச்சி முடி பஞ்சு மாதிரி மெல்லிசாக, நிறம் வெளுத்து இருந்தால் வேர் சுருங்கத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். உச்சியை நாமே பார்க்க முடியாது. முதலில் பார்ப்பவர் சலூன்காரர்தான். "அண்ணே, சுழி பெரிசாகியிருக்கா?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். போன் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடி பார்த்தால் மனம்தான் கெடும்.

ஏன் வருகிறது

ஆண்களின் உடம்பில் டெஸ்டொஸ்டிரோன் என்ற ஹோர்மோன் இருக்கிறது. அதில் ஒரு பகுதி டைஹைட்ரோடெஸ்டொஸ்டிரோன் என்ற இன்னொன்றாக மாறும். சிலருடைய உச்சி, நெற்றி வேர்களுக்கு இது ஒத்துவராது. வேர் சுருங்கி, முடி வளரும் காலம் குறைந்து, கடைசியில் பூனை மயிர் மாதிரி ஆகிவிடும். ஹோர்மோன் கூடிப்போனதால் வருவதில்லை, வேரின் பிறவிக் குணம்தான் காரணம். டொமினிக்கன் குடியரசில், இந்த மாற்றம் பிறவியிலேயே சரியாக நடக்காத சில குடும்பங்களைப் பற்றி 1974இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அந்த ஆண்களுக்கு வயதானாலும் நெற்றி ஏறவில்லை. பின்னால் வந்த மாத்திரைக்கு வழி காட்டியது அந்தக் குடும்பங்கள்தான்.

"தாய்மாமன் தலையைப் பார்த்தால் போதும்" என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. ஒரு முக்கியமான மரபணு தாய் வழியாகத்தான் வருகிறது. ஆனால் தகப்பன் வழியிலும் பல வருகின்றன. இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

நம் பையன்கள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனதும், அரபு நாட்டுக்குப் போனதும் சொல்வது, "அந்த ஊர்த் தண்ணி முடியைக் கொட்டிருச்சு" என்பது. தண்ணீர் முடியை வறட்டலாம், நுனி உடையலாம். வேரைச் சுருக்காது. இருபது வயதில் ஊரை விட்டுப் போகிறார்கள், இருபது வயதில்தான் வழுக்கையும் தொடங்குகிறது. பழி தண்ணீர் மேல் விழுகிறது. தொப்பியும் காரணம் இல்லை, தினமும் தலை குளிப்பதும் காரணம் இல்லை. மொட்டை அடித்தால் அடர்த்தியாக வரும் என்பதும் சரியில்லை. வெட்டிய முனை தட்டையாக இருப்பதால் கைக்குத் தடிப்பாகத் தெரியும், அவ்வளவுதான். கோயிலுக்கு நேர்ந்த மொட்டை நேர்த்திக்கடன். அதை மருந்துக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தேங்காய் எண்ணெய் முடியின் தண்டை உடையாமல் காக்கும், தேய்ப்பது நல்லதுதான். சுருங்கிய வேரை எழுப்பும் வேலை அதற்குத் தெரியாது.

காய்ச்சலுக்குப் பின் கொட்டுவது

டெங்கு, டைபொயிட் போன்ற கடும் காய்ச்சல் வந்து போனவருக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கைப்பிடி கைப்பிடியாக முடி கொட்டும். ஒபரேஷன் செய்தவருக்கும், பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் இப்படி நடக்கும். நோய் நேரத்தில் நிறைய முடி ஒரே தடவையில் ஓய்வுக்குப் போய்விட்டது. பல நம்பர்களில் ஒன்றாகக் கவ்வாத்து வெட்டியது போல. வேர் உயிரோடுதான் இருக்கிறது. பெரும்பாலும் ஆறு மாதம் அளவில் கொட்டுவது நின்று, குட்டி முடி எழும்பும். இந்த நேரத்தில் எந்த எண்ணெயைத் தேய்த்தாலும் "எண்ணெயால வந்திருச்சு" என்று தோன்றும். விற்பவர்களுக்கு நல்ல சாட்சி கிடைப்பதும் இந்த ஆட்களிடமிருந்துதான்.

உடனே காட்ட வேண்டியவை

பரம்பரை வழுக்கை அவசரம் இல்லை. கீழே சொல்பவை அப்படி இல்லை.

திடீரென்று ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு வட்டமாக, வழுவழுவென்று முடி போனால் நாம் புழுவெட்டு என்கிறோம். பெயர்தான் அப்படி. புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் முடி வேரையே தாக்குவதால் வருவது. பலருக்குத் தானாக முளைக்கும். பரவினால் தோல் டொக்டர் அந்த இடத்தில் ஊசி போடுவார். எரிச்சல் தரும் சாறுகளைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்க வேண்டாம்.

பிள்ளைகளின் தலையில் செதில் கட்டி, முடி ஒட்ட உடைந்து, அரிப்போடு வட்டம் வந்தால் அது படை. பூஞ்சணத்தால் வருவது. ஒரே சீப்பு, ஒரே தலையணை, ஒரே தொப்பி, விளையாடும் பூனைக்குட்டி, இவற்றால் ஒட்டும். பெரியவர்கள் உடம்புப் படைக்கு வாங்கிய பூச்சு மருந்தைப் பிள்ளையின் தலையில் தேய்த்துக்கொண்டு வாரக்கணக்கில் இருப்பதைப் பார்க்கிறோம். தலைப் படைக்குப் பூச்சு மட்டும் போதாது, பல வாரம் மாத்திரை குடிக்க வேண்டும். சீழ் கட்டி மெத்தென்று வீங்கினால் பிதுக்காதீர்கள், அன்றைக்கே டொக்டரிடம் போங்கள். தாமதித்தால் அந்த இடம் தழும்பாகி முடி எப்போதும் வராமல் போகலாம். அரைப்பேர் போனாலும் பரவாயில்லை என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய இடம் இதுதான்.

புருவமும் சேர்ந்து உதிர்ந்து, உடம்பில் எங்காவது உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அதற்கு இலவசமாக மருந்து உண்டு, முழுதாகக் குணமாகும். தலையில் அங்கங்கே அரித்தது போல முடி போய், உள்ளங்கையில் தடிப்பும் இருந்தால் அரசாங்கப் பாலியல் நோய்க் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

பரம்பரை வழுக்கைக்கு என்ன செய்யலாம்

ஒன்றும் செய்யாமல் விடலாம். முடியைக் குட்டையாக வெட்டினால் இருப்பது அடர்த்தியாகத் தெரியும். இது தோல்வி இல்லை, செலவில்லாத நல்ல தீர்மானம். உச்சி வெளுத்தவர்கள் மலையில் வெயிலுக்குத் தொப்பி போட வேண்டும், அவ்வளவுதான்.

மருந்து வேண்டும் என்றால் நிரூபிக்கப்பட்டவை இரண்டு. முதலாவது மினொக்சிடில். இது முதலில் பிரஷர் மாத்திரையாக வந்தது. குடித்தவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைக் கண்டுதான் தலைக்குப் பூசும் மருந்தாக மாற்றினார்கள், 1988இல் அமெரிக்கா அனுமதித்தது. காலையில் ஒரு மில்லிலீற்றர், மாலையில் ஒரு மில்லிலீற்றர், காய்ந்த தலைத்தோலில் பூச வேண்டும். தொடங்கிய சில வாரத்தில் முடி இன்னும் கொட்டும். பழைய முடியைத் தள்ளிப் புதியது வருகிறது என்று அர்த்தம், அதைக் கண்டு நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் வேண்டும். நிறுத்தினால் கிடைத்தது சில மாதத்தில் போய்விடும். இருதய நோய் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. தலைச்சுற்று, நெஞ்சு படபடப்பு, கால் வீக்கம் வந்தால் நிறுத்த வேண்டும். போத்தல் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். வாய்க்குள் போனால் பிரஷர் இறங்கிப்போகும்.

இரண்டாவது பினஸ்டரைட் மாத்திரை. 1997 முதல் ஒரு மில்லிகிராம் அளவில் முடிக்காகக் கொடுக்கிறார்கள். வழுக்கையை நிறுத்தி வைப்பதில் நல்ல மருந்து. ஆனால் டொக்டர் துண்டு இல்லாமல் வாங்கக்கூடாது. சிலருக்கு ஆண்மைக் குறைவு வரும். மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வந்ததாகவும் அறிக்கைகள் உண்டு. மனம் பாரமாவது தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டொக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பமான பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது, வயிற்றில் ஆண் பிள்ளை இருந்தால் பாதிக்கும்.

இரண்டு மருந்தும் சுருங்கிக்கொண்டிருக்கும் வேரைத்தான் காக்கும். பத்து வருடமாக வழவழவென்று கிடக்கும் உச்சிக்குப் பலன் சொற்பம். அதனால்தான் ஆரம்பத்தில் பார்க்கச் சொல்கிறோம். கணக்கையும் ஆரம்பத்திலேயே போடுங்கள். 60 மில்லிலீற்றர் போத்தல் சரியாக ஒரு மாதம் வரும். வருடத்துக்குப் பன்னிரண்டு போத்தல். ஒரு போத்தல் விலையைப் பார்மசியில் கேட்டு, பன்னிரண்டால் பெருக்கி, அது எத்தனை நாள் பேர் என்று பாருங்கள். கட்டாது என்றால் தொடங்காமல் இருப்பதே மேல். இரண்டு போத்தலோடு விட்டால் அந்தக் காசு வீண். ஒரு தம்பி சீட்டுக் காசை எடுத்து லேபல் இல்லாத "மூலிகை" எண்ணெய் வாங்கி, தலை முழுக்கக் கொப்பளம் போட்டு வந்தார். உள்ளே என்ன இருந்தது என்று விற்றவருக்கே தெரியவில்லை. என்ன மருந்து, எவ்வளவு அளவு, யார் தயாரித்தது என்று எழுதாத போத்தலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தோல் கிளினிக் இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, துண்டு வாங்கிக்கொண்டு, கிளினிக் நாளைக் கேட்டுப் போங்கள். அன்று தலையில் எண்ணெய் வைக்க வேண்டாம், தோல் தெரியாது. குடிக்கிற எல்லா மாத்திரையின் உறைகளையும், பூசின போத்தல்களையும், போனில் எடுத்த படங்களையும் கொண்டு போங்கள். கடந்த ஆறு மாதத்தில் வந்த காய்ச்சலை மறக்காமல் சொல்லுங்கள்.