இடது 8, வலது 6½: ஷூ வாங்குவது எப்படி?

பிளேஸ்மெண்ட் சீசன் வந்தாச்சு. எல்லாரும் ஆப்டிட்யூட் பத்தி எழுதுறாங்க, நான் ஷூ பத்தி எழுதுறேன். காரணம் இருக்கு.

என் ஊர் கீழவாஞ்சூர். காரைக்கால் துறைமுகம் எங்க ஊர்லதான் இருக்கு. பிறக்கும்போதே என் வலது கால் கிளப்ஃபுட், அதாவது வளைபாதம். குழந்தையிலேயே மாவுக்கட்டு போட்டு நிமிர்த்திட்டாங்க, நல்லா நடக்கிறேன். ஆனா இந்த மாதிரி பாதம் சிகிச்சைக்குப் பிறகும் மற்றதை விடக் கொஞ்சம் சின்னதாவே இருக்கும். முதல் இன்டர்வியூல ஹாலுக்குள்ள நடந்தப்போ வலது ஷூ கழன்று பின்னாடியே நின்னுடுச்சு. அன்னைக்குத்தான் இதை ஒரு பிராப்ளமா எடுத்துப் படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல அளவு. சாயந்திரம் அளங்க, அப்போ பாதம் லேசா வீங்கியிருக்கும். சுவரோரம் பேப்பர் போட்டு, குதிகால் சுவரைத் தொடுற மாதிரி நின்னு, நீளமான விரலோட நுனியில கோடு போடுங்க. ரெண்டு காலையும் மி.மீ.-ல எழுதுங்க. எனக்கு இடது 262, வலது 248. வித்தியாசம் 14.

யு.கே. அளவுல ஒரு சைஸ்னா ஒரு இன்ச்ல மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மி.மீ. யூரோ அளவுல 6.67 மி.மீ. அப்போ என் 14 மி.மீ. யு.கே.-ல ஒன்றரை சைஸுக்கு மேல, யூரோல ரெண்டு சைஸ். வாங்கும்போது எந்த அளவுமுறைன்னு கட்டாயம் பாருங்க.

இனி தீர்வு:

4–5 மி.மீ. வரை: பெரிய காலுக்கு வாங்குங்க. சின்ன காலுக்கு இன்சோல், குதிகால்ல ஒரு பேடு. லேஸ் வெச்ச ஷூதான் நல்லது, ஸ்லிப்-ஆன் வேண்டாம்.

ஒரு சைஸ் வரை: தினமும் போட, பின்பட்டை உள்ள வெல்க்ரோ சாண்டல். இழுத்துக் கட்டிக்கலாம்.

அதுக்கு மேல: முன்னாடி பஞ்சு வைக்கிறது உதவாது. ஷூ வளையுற இடம் பெரிய பாதத்துக்கு ஏத்த மாதிரி முன்னாடி போயிருக்கும். உங்க விரல் மடங்குற இடம் அதுக்குப் பின்னாடி இருக்கும். தடுக்கும், காய்ப்பு வரும். செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட ரெண்டு காலையும் தனித்தனியா வரைஞ்சு கொடுத்து சாண்டல் செய்யச் சொல்லுங்க. ஷூதான் வேணும்னா ரெண்டு ஜோடி, வேற வழியில்லை.

ஒரு கால் உயரம் குறைவா இருந்தா, நீங்களா சோல் ஏத்தாதீங்க. அரசு மருத்துவமனையில எலும்பு டாக்டரைப் பாருங்க. 1981-லிருந்து நடக்கிற மத்திய அரசின் 'ஆடிப்' திட்டத்துல, வருமான வரம்புக்குள்ள இருக்கிற மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணங்கள் கிடைக்கும். தகுதி இருக்கான்னு கேளுங்க.

சென்னை சி.எல்.ஆர்.ஐ., 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்கள்ல ஒரு லட்சத்துக்கும் அதிகமானவங்க பாதத்தை அளந்து, 'பா'ன்னு இந்திய அளவுமுறையை முன்வெச்சிருக்கு. நல்ல விஷயம். ஆனா அளவு எவ்வளவு சரியானாலும் கடையில விக்கிறது ஜோடியாத்தான். "ஒத்தைக் கால் ஷூவை நான் யார்கிட்ட விக்கிறது தம்பி?"ன்னு ஒரு கடைக்காரர் கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

பதில், இன்னொரு ஆள். அமெரிக்காவுல 1943-லேயே இப்படிப்பட்டவங்களை இணைக்க ஒரு ஷூ பரிமாற்ற அமைப்பு வந்துடுச்சு. எனக்கு எதிர்மாறான கால் உள்ள ஒருத்தர் கிடைச்சா, ரெண்டு ஜோடி வாங்கி, பாதிப் பாதி காசு. யாருக்கும் நஷ்டமில்லை.

900 ரூபாய் ஷூ ரெண்டு ஜோடி, மொத்தம் 1,800 கொடுத்து வாங்கிட்டேன். அடுத்த இன்டர்வியூல ஷூ கழலலை. மிச்சம் என் பெட்டியில இருக்கு: இடது 6½, வலது 8, கறுப்பு, லேஸ் வெச்சது, ஒரு நாள்கூடப் போடாதது. உங்க ஹாஸ்டல்ல, ஊர்ல யாருக்காவது பொருந்தினா இதழ் குழுகிட்ட சொல்லுங்க. காசு வேண்டாம். அடுத்த முறை சேர்ந்து வாங்கலாம், அவ்வளவுதான்.