எந்தக் கல்லூரி என்பதற்கு முன் ஒரு கேள்வி

போத்தனூரில் என்னிடம் உயிரியல் பிரிவில் படித்த மாணவி ஒருத்தி நான்கு ஆண்டு பி.பார்ம். முடித்துவிட்டுப் பள்ளிக்கு வந்திருந்தாள். அமெரிக்காவில் மருந்தாளுநர் ஆவது அவள் கனவு. “டீச்சர், என் படிப்புல ஒரு வருஷம் குறையுதுங்களாம்” என்றாள். 2003 ஜனவரி 1க்குப் பிறகு வெளிநாட்டில் பட்டம் பெற்றவர்கள், அங்கே உரிமத் தேர்வுக்கான முதல் படியில் நுழையவே குறைந்தது ஐந்தாண்டு மருந்தியல் படிப்பைக் காட்ட வேண்டும். நம் நாட்டில் 2008இல் தொடங்கிய ஆறாண்டு பார்ம்.டி. படிப்பில் இந்தச் சிக்கல் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பிலேயே நான் அவளுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

வெளிநாட்டு மருந்தியல் கல்லூரி பற்றி மாணவர்கள் கேட்கும்போது நாம் தரவரிசையையும் கட்டணத்தையும் பேசுகிறோம். முதலில் கேட்க வேண்டியது, “எந்த நாட்டில் மருந்தாளுநராகப் பதிவு செய்யப் போகிறாய்?” என்பதே.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கு நான்காண்டு எம்.பார்ம்., பிறகு ஓராண்டுப் பயிற்சி, அதோடு பதிவுத் தேர்வு. அந்த எம்.பார்ம். படிப்பை அந்நாட்டின் பொது மருந்தியல் குழுமம் அங்கீகரித்திருக்க வேண்டும். அதே வளாகத்தில் ‘பார்மசூட்டிகல் சயின்ஸ்’ பட்டமும் இருக்கலாம். ஆய்வுக்கூடத்துக்கும் மருந்து நிறுவனத்துக்கும் அது நல்ல படிப்புதான். ஆனால் அதை மட்டும் கொண்டு மருந்தாளுநராகப் பதிய முடியாது. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் மாணவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

மருந்தியலுக்கென்றே தனியாக நடக்கும் கல்லூரிதான் சிறந்தது என்றும் எண்ண வேண்டாம். லண்டனில் 1842இல் தொடங்கிய மருந்தியல் பள்ளி, 2012இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியோடு இணைந்துவிட்டது. கல்லூரியின் பெயரைவிடப் படிப்பின் அங்கீகாரமே முக்கியம்.

படித்துவிட்டு ஊர் திரும்ப நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும். 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டப்படி, வெளிநாட்டுப் பட்டத்தைக் கொண்டு இங்கே பதிவதற்கு அந்தப் பட்டம் இந்திய மருந்தியல் குழுமத்தின் ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு: மாணவர்கள் நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரியட்டும். குழுவுக்கு ஒரு நாடு. கரும்பலகையில் ஐந்து கட்டங்கள் வரையுங்கள்: படிப்பின் சரியான பெயர், ஆண்டுகள், அங்கீகரிக்கும் அமைப்பு, படிப்புக்குப் பிந்தைய பயிற்சியும் தேர்வும், இந்தியாவில் செல்லுமா. முகவர்களின் விளம்பரத் தாளைப் பார்த்து நிரப்பக் கூடாது. அந்தந்த அமைப்பின் இணையதளத்தைப் பார்த்தே நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பணம் கட்டக் கூடாது என்பதே பாடத்தின் முடிவு.

கடன் வாங்கிப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு இந்த ஒரு பாடவேளை பெரிய உதவி.